ஞானம்மாள் நிறுத்திவைத்த மழை

சென்ற வியாழக்கிழமை காலை எங்கள் ஊர் நூலகத்தின் பூட்டைத் திறந்துகொண்டிருந்தேன். படப்பையிலிருந்து வரும் டவுன் பஸ் ஆட்களை இறக்கியதும் உடனே கிளம்பிவிடுவது வழக்கம். அன்று கிளம்பவில்லை. நடத்துநர் படியில் நின்றபடி என்னைக் கூப்பிட்டார். "லைப்ரரி சார், மேட்டு ஞானம்மா தவறிட்டாங்களாம். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலேர்ந்து அவங்க புள்ள படப்பை கடைக்குப் போன் பண்ணாராம். மொதல்ல உங்களாண்ட சொல்லச் சொன்னாரு" என்றார். பிறகுதான் விசில் கொடுத்தார். நான் திறந்த பூட்டைத் திரும்பவும் பூட்டினேன்.

முதலில் எனக்குச் சொல்லச் சொன்னார்கள் என்பது என்னைக் கலங்க வைத்தது. நான் ஞானம்மாளுக்கு உறவினன் அல்லன். ஒரே கோயிலுக்குப் போகிறவர்களும் அல்லோம். அவர் வீடு மேட்டில் மாதா கோயில் தெருவில், என் வீடு ஏரிக்குக் கீழே. இன்னும் சொல்லப்போனால், ஒரு காலத்தில் அவருடைய நிலத்து வரப்பை மண்வெட்டியால் வெட்டி உடைத்தவன் நான். அப்படிப்பட்டவனுக்குத்தான் அவர் வீட்டார் முதல் தகவல் அனுப்பினார்கள்.

அவரை அறிந்தவர்களுக்கு நான் சொல்லப்போவதில் பாதி தெரிந்த கதைதான். அறியாதவர்களுக்காகவும் எழுத ஆசைப்படுகிறேன். இந்த வைகாசியில் ஸ்ரீபெரும்புதூரில் முன்னாள் பிரதமர் கொல்லப்பட்ட அந்தப் பெருந்துயரத்துக்குப் பிறகு, வெளியூர்க்காரர்களிடம் நம் பக்கத்துப் பெயரைச் சொன்னாலே அவர்கள் முகம் மாறிவிடுகிறது. இந்த மண்ணில் இப்படியும் ஒருவர் வாழ்ந்தார் என்று அவர்களுக்கும் சொல்லவேண்டும்போல் இருக்கிறது.

வல்லம் வடகால், ஒரகடம், சேரப்பணஞ்சேரி என்று இந்தப் பக்கத்து ஊர்களின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். மேலே மேட்டுப் புஞ்சை. அதற்குக் கீழே ஏரி. ஏரிக்குக் கீழே நன்செய். புஞ்சைக்காரர்களுக்கு வானம் ஒன்றுதான் துணை. ஆடியில் விதைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். எங்களுக்கு ஏரியும் உண்டு, கிணறும் பம்ப்செட்டும் உண்டு. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று வருடத்துக்கு மூன்று நெல் எடுத்தோம். அதைத் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஞானம்மாளுக்கு மேட்டில் இரண்டரை ஏக்கர் புஞ்சை. கிணறு கிடையாது. வேர்க்கடலை ஒரு பக்கம், கேழ்வரகு ஒரு பக்கம், ஊடே காராமணி. கணவர் அருளப்பன் கல் குவாரியில் வேலை செய்து, நெஞ்சு நோயால் இளம் வயதிலேயே இறந்துபோனார். ஒரே மகன் தேவதாஸ். மழை பொய்த்த வருடங்களில் ஞானம்மாள் எங்கள் வயல்களுக்கு நடவுக்கு வருவார். எனக்கு அவரை அப்படித்தான் முதலில் தெரியும். நடவு வரிசையில் வலக்கோடியில் நின்று, நிமிராமல் நட்டுக்கொண்டே போகிறவர். அதிகம் பேசமாட்டார்.

நூலகத்துக்கும் வருவார். ஐந்தாம் வகுப்பு வரை படித்திருந்தார். வாரப் பத்திரிகையில் தொடர்கதை மட்டும் படிப்பார். திரும்பி வரும் பத்திரிகையில் செம்மண் விரல் தடம் இருக்கும். நான் இரண்டொரு முறை கடிந்துகொண்டிருக்கிறேன். அடுத்த முறை கையைக் கழுவிக்கொண்டு வந்து, என் எதிரே நீட்டிக் காட்டிவிட்டு எடுத்துப்போனார்.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், ஓர் ஐப்பசியில் நல்ல மழை பெய்தது. ஆனால் ஏரி பாதிகூட நிறையவில்லை. அப்போது ஏரிப் பாசனக்காரர்களின் குழுவுக்கு நான்தான் செயலாளர். மழை பெய்தும் தண்ணீர் ஏன் வரவில்லை என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். பதில் சொல்லவேண்டிய இடத்தில் இருந்ததால் ஏழெட்டுப் பேருடன் வரத்துக் கால்வாய் வழியே மேலே நடந்தேன். மேட்டில் காரணம் கிடைத்தது என்று நினைத்தோம். புஞ்சைக்காரர்கள் வரப்பை உயர்த்தியிருந்தார்கள். சரிவில் ஓடிவரவேண்டிய தண்ணீர் அவர்கள் நிலத்திலேயே தேங்கி நின்றது. எல்லாவற்றிலும் உயரமான வரப்பு ஞானம்மாளுடையது.

எங்களோடு வந்தவர்களில் கோதண்டமும் இருந்தார். ஊரிலேயே பெரிய பம்ப்செட் அவருடையதுதான். "வானத்துத் தண்ணிய இவங்களே நிறுத்திக்கினா ஏரிக்கு இன்னா வரும்? வெட்டுங்கய்யா" என்றார் அவர். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் மண்வெட்டியை வாங்கி முதல் வெட்டு வெட்டினேன்.

ஞானம்மாள் அப்போது நிலத்தில் களை பறித்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து நின்றார். அழவில்லை, சாபமிடவில்லை. "வெட்டறதுன்னா வெட்டுங்க சார். ஒண்ணு மட்டும் செய்யுங்க. இனிமே உங்க கெணத்துல மேக்கால ஊத்து ஓடுதான்னு அப்பப்போ எட்டிப் பாத்துகினு வாங்க" என்றார்.

அவர் சொன்னது எனக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள நான் முயலவும் இல்லை. வரப்பு உடைந்ததும் தண்ணீர் செம்மண்ணை வாரிக்கொண்டு பாய்ந்தது. அறுவடைக்கு இரண்டு வாரமே இருந்த கேழ்வரகில் நாலைந்து வரிசை வேரோடு சாய்ந்தது. ஏரியில் மறுநாள் தண்ணீர் சற்று ஏறியிருந்தது. அதை நாங்கள் வெற்றியென்று பேசிக்கொண்டோம். சாய்ந்த கதிர்களை அவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்ததாக என் மனைவி வந்து சொன்னாள். நான் போய்ப் பார்க்கவில்லை.

தை மாதம் எல்லோரும் நவரை நட்டோம். பங்குனியில் கதிர் பால் பிடிக்கிற நேரம். என் மோட்டார் அரை மணி ஓடியதும் காற்றை இழுத்தது. கிணற்றை எட்டிப் பார்த்தேன். மேற்குச் சுவரில் பாறை இடுக்கிலிருந்து எப்போதும் கசியும் ஊற்று நின்றுபோயிருந்தது. என் கிணறு ஏரிக்கரையின் வடகோடியில், ஞானம்மாளின் நிலத்துச் சரிவு வந்து முடிகிற இடத்தில் இருக்கிறது. அதுவரை அதை நான் ஒரு செய்தியாகவே எண்ணியதில்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். வரப்பை வெட்டியதால் மட்டுமே கிணறு வற்றியது என்று அன்று யாராலும் அடித்துச் சொல்லியிருக்க முடியாது. அந்த வருடம் எங்களில் பலர் பழைய மோட்டாரை எடுத்துவிட்டுப் பெரிய மோட்டார் போட்டிருந்தோம். ஏரி பாதிதான் நிறைந்திருந்ததால் எல்லா வயலுக்கும் கிணற்றுத் தண்ணீரே பாய்ந்தது. நெல் தண்ணீரில் நிற்கவேண்டிய பயிர். நாங்கள் இரவல் வாங்கியதுபோல் பூமியிலிருந்து எடுத்துக்கொண்டே இருந்தோம். திருப்பித் தருவது யார் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

மாதா கோயில் தெருவின் பொதுக் கிணறு மேடு வந்து முடியும் வடகோடியில், எங்கள் வயல்களை ஒட்டி இருக்கிறது. அதுவும் அதே வாரம் வற்றியது. அந்தத் தெருப் பெண்கள் குடத்தோடு என் பம்ப்செட் தொட்டிக்கு வந்தார்கள். தொட்டியில் தண்ணீர் இல்லை. கடைசியில் ஞானம்மாள் வந்தார். குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டுக் கிணற்றுக்குள் பார்த்தார். அன்றே சொன்னேன் அல்லவா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் கேட்டது வேறு.

"இன்னிக்கு எத்தினி படி தெரியுது சார்?"

"எண்ணலியே" என்றேன்.

"போன வருசம் இந்நேரம் எத்தினி தெரிஞ்சுது?"

அதுவும் எனக்குத் தெரியவில்லை. பிறந்தது முதல் அந்தக் கிணற்றில் குளித்தவன். ஆயிரக்கணக்கான புத்தகங்களுக்கு எண் போட்டு அடுக்கி வைத்திருப்பவன். என் கிணற்றுப் படிகளை எண்ணியதில்லை. அவர் வெறுங்குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் நூலகத்துக்கு வந்தார். பத்திரிகையைத் தொடவில்லை. எழுதிப் பாதிக்கு மேல் வெற்றாக இருக்கும் பழைய நோட்டு ஒன்று வேண்டுமென்றார். எதற்கு என்று கேட்டேன். அவர் சொன்னதை என் நினைவில் உள்ளபடியே எழுதுகிறேன். "நீங்க தண்ணி ஏரிக்கி வரலேன்றீங்க. நான் தண்ணி மண்ணுக்குள்ள போவுதுன்றேன். ரெண்டு பேருக்கும் ரோசந்தான் கீது, கணக்கு இல்ல. நான் மழைய அளக்கறேன். நீங்க கெணத்த எண்ணுங்க. ஒரு வருசம் போவட்டும். அப்பால பேசலாம்."

அவரிடம் பக்கம் நேரான ஒரு பால்மாவு டின் இருந்தது. அதை நிலத்தின் நடுவே ஒரு கம்பத்தில் கட்டினார். மகனின் பள்ளிக்கூட ஸ்கேலால் ஒவ்வொரு மழைக்கும் அளந்தார். நான் வெள்ளிக்கிழமைதோறும் படிகளை எண்ணினேன். ஏரியின் மதகுக் கல்லில் தண்ணீர் எதுவரை நிற்கிறது என்றும் பார்த்தோம். எல்லாவற்றையும் அவர் நூலகத்துக்கு வரும் நாளில் ஒரே நோட்டில் எழுதினோம். அவர் எழுத்து பெரிதாக, கோட்டை விட்டு வெளியே வந்து நிற்கும்.

ஆனியில் முதல் மழைக்கு முன் அவர் தனியாக வரப்பைக் கட்டிக்கொண்டிருப்பதைப் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன். அவரிடமிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டு வேலையில் இறங்கினேன். அவர் கூடையில் மண் சுமந்தார். பிறகு எனக்கே பொறுக்காமல், அன்று முதலில் வெட்டியது நான்தான் என்றேன்.

"தெரியும் சார். நீங்க வெட்டின எடந்தான் கட்டறதுக்கு சுளுவா கீது. உங்களுக்கு மம்முட்டி புடிக்கவே தெரியல" என்றார்.

அவர் என்னை மன்னித்தது அவ்வளவுதான். அதன்பின் ஒருநாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வேறு யாராவது எடுத்தாலும் பேச்சை மாற்றிவிடுவார்.

ஒரு வருடம் முடிந்தபோது அந்த நோட்டு எங்கள் இருவருக்குமே சங்கடம் தந்தது. வரப்பு கட்டிய பிறகு, மேட்டில் மழை நின்று இறங்கிய ஏழெட்டு நாளில் என் மேற்கு ஊற்று ஓட ஆரம்பித்திருந்தது. ஒரு முறையல்ல, ஒவ்வொரு பெரிய மழைக்கும் அப்படி நடந்திருந்தது. அவர் சொன்னது உண்மை. ஆனால் மழை மாதங்கள் முழுக்க மெல்ல மெல்லப் படியேறிய தண்ணீர், நெல்லுக்கு மோட்டார் ஓடத் தொடங்கிய சில வாரங்களில் மளமளவென்று இறங்கியிருந்தது. மேடு கொடுத்ததைக் கீழே நாங்கள் குடித்துத் தீர்த்திருந்தோம். இது என் பக்கத்துச் சங்கடம்.

அவர் பக்கத்துச் சங்கடமும் நோட்டில் இருந்தது. சிறு மழைகளுக்கு ஏரியில் ஒரு சொட்டுக்கூட ஏறவில்லை. எல்லாம் மேட்டிலேயே நின்றுவிட்டது. அதைப் படித்துவிட்டு அவர் எழுந்து போனார். மறுநாள் காலையில் வரத்துக் கால்வாய் ஓரம் அவர் நடந்து அளப்பதைப் பார்த்ததாகச் சிலர் சொன்னார்கள்.

கூட்டம் ஏரிக்கரை மதகடியில் ஒரு மாலைப் பொழுதில் நடந்தது. பாசனக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். மாதா கோயில் தெருவிலிருந்தும் பத்திருபது பெண்கள் வந்து சற்றுத் தள்ளி நின்றார்கள். நான் நோட்டைப் படித்தேன். கோதண்டம் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். படித்து முடித்ததும் ஞானம்மாள் முன்னே வந்தார். தம் நியாயத்தைச் சொல்லப்போகிறார் என்று எல்லோரும் நினைத்தோம். அவர் தம் தவற்றிலிருந்து தொடங்கினார்.

"என் கீழ் வரப்பு கால்வாய்க்குள்ள பூந்துட்டுது. எங்க மாமனார் காலத்துலேர்ந்து கொஞ்சங்கொஞ்சமா தள்ளிக்கினே வந்துகீறோம். ஏரிக்கு வர்ற தண்ணிய அது மறிக்குது. அது தப்பு. அத நானே எடுத்து உள்ள தள்ளிக் கட்டிடறேன். மேல் வரப்ப மட்டும் தொடாதீங்க. அது உங்க கெணத்துக்குத்தான் வேல செய்யுது."

நிலத்தில் நாலு முழ அகலத்தை அவர் இழந்தார். இரண்டரை ஏக்கர் மட்டுமே உள்ளவருக்கு அது சிறிய இழப்பு அல்ல.

அதன்பிறகுதான் அவர் எங்களிடம் கேட்டார். ஏரித் தண்ணீர் மதகின் மூன்றாம் கல்லைத் தொடாத வருடங்களில் நவரைக்கு நெல் நடவேண்டாம். வேர்க்கடலையோ உளுந்தோ போடலாம். நெல்லுக்கு வேண்டிய தண்ணீரில் சிறு பங்கு இருந்தால் அவை பிழைத்துக்கொள்ளும். இதுதான் அவர் கேட்டது.

எதிர்ப்பு கோதண்டத்திடமிருந்து வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது ஞானம்மாளின் சொந்தத் தெருவிலிருந்து. அருளப்பனின் தங்கை ரோசம்மாள், பெண்கள் கூட்டத்திலிருந்து கேட்டார். "நெல்லு நடலன்னா எங்களுக்கு நடவு வேல எங்க கீது அண்ணி? தை மாசம் நாங்க இன்னா பண்றது?" அந்தப் பெண்கள் எல்லோரும் அதையே நினைத்திருந்தார்கள் என்பது அவர்கள் முகத்தில் தெரிந்தது. எங்கள் வயலில் பாயும் தண்ணீர்தான் அவர்கள் தெருக் கிணற்றை வற்றச் செய்தது. அந்த வயலில் நடக்கும் நடவுதான் அவர்கள் அடுப்பையும் எரித்தது. நோட்டில் எழுதாத கணக்கு அது. எனக்கு அது அந்த நிமிடம் வரை தோன்றவே இல்லை.

ஞானம்மாள் நாத்தனாரைக் கோபித்துக்கொள்ளவில்லை. "நானும் நடவுக்குப் போறவதான் ரோசம்மா. எனக்கும் அந்த பயம் கீது" என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். வேர்க்கடலைக்குக் களை எடுக்க ஆள் வேண்டும், பிடுங்க ஆள் வேண்டும், காய் ஆய ஆள் வேண்டும். அந்த வேலைகளுக்கு வெளியூர் ஆட்களைக் கூப்பிடாமல், நடவுக்கு வரும் அதே பெண்களைத்தான் கூப்பிடுவோம் என்று ஒவ்வொருவரும் பேர் சொல்லி வாக்குக் கொடுக்கவேண்டும் என்றார். கொடுக்காவிட்டால் தாம் கேட்டதையும் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

நான் முதலில் வாக்குக் கொடுத்தேன். என்னைத் தொடர்ந்து ஆறு பேர் கொடுத்தார்கள். இன்னும் சிலர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். கோதண்டம் மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நெல்லு நட்ட கையி, கடல போடாது" என்று சொல்லிவிட்டுக் கரை இறங்கிப் போனார்.

அடுத்து வந்த தை மாதத்திலேயே சோதனை வந்தது. ஏரி மூன்றாம் கல்லைத் தொடவில்லை. நாங்கள் ஏழு பேர் வேர்க்கடலை போட்டோம். வெள்ளை வேட்டியில் ஒரு கறைபோல, நெல்வயல்களுக்கு நடுவே எங்கள் வயல்கள் தனியாகத் தெரிந்தன. என் மனைவியின் சகோதரர்கள் வந்து சிரித்தார்கள். நெல் வைக்கோல் இல்லாமல் மாட்டுக்கு என்ன போடுவாய் என்று கேட்டார்கள். வேர்க்கடலைக் கொடியை மாடு தின்னும் என்பதே எனக்கு ஞானம்மாள் சொல்லித்தான் தெரிந்தது.

கோதண்டம் நெல் நட்டிருந்தார். அவர் கிணற்றுக்குக் கூப்பிடு தூரத்தில்தான் மாதா கோயில் தெருப் பொதுக் கிணறு. பங்குனியில் அது மறுபடி வற்றத் தொடங்கியது. பெண்கள் வாளியைக் கயிற்றில் விட்டு, சேறு கலந்த தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடத்தில் ஊற்றினார்கள். நான் கொதித்துப்போய் கோதண்டத்திடம் பேசப் புறப்பட்டேன். ஞானம்மாள் தடுத்தார். இரண்டு நாள் பொறுக்கச் சொன்னார்.

மூன்றாம் நாள் கோதண்டத்தின் இரண்டு மோட்டார்களில் ஒன்று நின்றது. ரிப்பேர் என்று அவரே பஸ் நிறுத்தத்தில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார். வயலில் பாதியைக் காயவிட்டார். மெக்கானிக் யாரும் வந்ததாகத் தெரியவில்லை. பொதுக் கிணற்றில் ஒரு வாரத்தில் தெளிந்த தண்ணீர் நின்றது. நான் ஞானம்மாளிடம், அது ரிப்பேர் இல்லை, அவராகவே நிறுத்தியிருக்கிறார் என்று சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ரிப்பேர்னே இருக்கட்டும் சார். யாரும் வாயத் தொறந்து கேக்காதீங்க. கேட்டா மறுபடியும் ஓட்டிடுவாரு" என்றார்.

அதன்பின் மழை குறைந்த ஒவ்வொரு வருடமும் பங்குனியில் கோதண்டத்தின் மோட்டார் ரிப்பேர் ஆகும். ஊரில் ஒருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. இதோ, எழுத்தில் முதன்முதலாக நான்தான் சொல்லுகிறேன். கோதண்டம் என்னை மன்னிக்கவேண்டும்.

ஞானம்மாளை மழையோடு பேசுகிற தெய்வப் பெண்மணிபோல் இப்போது சிலர் சொல்லக் கேட்கிறேன். அவருக்கு அது பிடிக்காது. மானாவாரிதான் நல்ல விவசாயம், நெல் கெட்ட விவசாயம் என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. ஒருமுறை நான் அப்படிப் புகழ்ந்து பேசியபோது என்னை நிறுத்தினார். "மழைய நம்பி பயிர் வெக்கறது பெரும இல்ல சார், பயம். ரெண்டு வருசம் வெதக் கடலையக்கூட ஆக்கித் தின்னவ நான். உங்களுக்குக் கெணறு கீது. அது நல்லதுதான். அது காலியாவாம பாத்துக்கோங்க, அவ்ளோதான்" என்றார்.

மகன் தேவதாஸ் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்ததும், மேட்டில் போர் போட்டு நெல் வைக்கலாம் என்று ஆசைப்பட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. தாய் வெயிலில் படும் பாட்டைப் பார்த்து வளர்ந்தவர். ஞானம்மாள் இல்லை என்று சொல்லவில்லை. நோட்டை மகனிடம் கொடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் படிக்கச் சொன்னார். மாலையில் என்ன முடிவு என்று நான் கேட்டதற்கு, வீட்டுக்குக் கைப்பம்பு ஒன்று மட்டும் போடலாம் என்று முடிவு செய்திருப்பதாகத் தேவதாஸ் சொன்னார். அந்தப் பம்பு இன்றும் தெருவோரத்தில்தான் இருக்கிறது. வீட்டுக்குள் வைக்க ஞானம்மாள் விடவில்லை.

கடந்த ஓராண்டாக அவருக்கு மூச்சிரைப்பு. மேடு ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மருமகள் ஸ்டெல்லா டின்னை அளந்து வந்து சொல்ல, இவர் வாசலில் உட்கார்ந்து எழுதிக்கொள்வார். சென்ற மாதம் நான் பார்க்கப் போனபோது, நிலம் வாங்க ஆட்கள் வருவதாகவும், காரில் வந்து வரைபடம் விரித்துப் பார்ப்பதாகவும் தெருவில் பேச்சாக இருந்தது. அதைப் பற்றி அவரிடம் கேட்டேன். கம்பெனி வந்தால் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும், வரட்டும் என்றார். பிறகு, "மழ எந்தப் பக்கமா ஓடுதுன்னு பாத்துட்டுக் கட்டடம் கட்டச் சொல்லுங்க சார். உங்களுக்குத்தான் எழுதத் தெரியும்" என்றார். அவர் என்னிடம் கடைசியாகக் கேட்டது அதுதான். எழுதியிருக்கிறேன். எழுதவேண்டிய இடங்களுக்கு இன்னும் எழுதுவேன்.

வெள்ளிக்கிழமை மதியம் நல்லடக்கம். கல்லறைத் தோட்டம் மேட்டில், அவர் நிலத்தை ஒட்டியே இருக்கிறது. மாதா கோயிலில் பாதிரியார் பிரார்த்தனையை முடித்ததும், நடவு வரிசையில் அவரோடு நின்ற பெண்கள் பின்னால் நடந்தார்கள். ரோசம்மாள் தலைமாட்டில் நடந்தார். ஏரிக்குக் கீழிருந்தும் எல்லோரும் வந்திருந்தோம். இந்த ஆடியில் இதுவரை இரண்டு மழைதான். வழிநெடுகப் புழுதி பறந்தது.

ஞானம்மாளுக்கு நான் கடன்பட்டிருப்பது கிணற்றுத் தண்ணீருக்கு மட்டும் அல்ல. ஒரு தவற்றைச் செய்தவன் அதற்குப் பிறகும் அதே ஊரில் தலைநிமிர்ந்து வாழலாம், வேலை செய்தால் போதும் என்று காட்டியவர் அவர். தம் பக்கத்துத் தவற்றை முதலில் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்கலாம் என்பதையும் அவரிடம்தான் கண்டேன். என் பிள்ளைகள் குடித்து வளர்ந்த தண்ணீரில் அவர் மேட்டில் நிறுத்திவைத்த மழையும் இருந்தது. உயிரோடு இருந்தபோது இதை ஒருமுறையாவது வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். அவர் கூச்சப்பட்டுப் பேச்சை மாற்றியிருப்பார், ஆனாலும் சொல்லியிருக்கலாம்.

பெட்டியைக் குழிக்குள் இறக்கியதும் ஒவ்வொருவராக மண் போட்டோம். எனக்கு முன்னால் கோதண்டம் நின்றார். வயது அவரையும் வளைத்துவிட்டது. குனிந்து, வெட்டிப் போட்ட மண்ணில் ஒரு பிடி எடுத்தவர் உடனே போடவில்லை. மேலே புழுதியாகக் கிடந்தாலும், குழியின் அடியிலிருந்து வந்த மண் கறுத்து இருந்தது. அவர் விரல்களை மூடி அழுத்தித் திறந்தார். மண் உதிரவில்லை. விரல் தடத்தோடு உருண்டையாக உள்ளங்கையில் நின்றது.

"ஈரம் கீது" என்றார் என்னிடம், தாழ்ந்த குரலில். கண்கள் நிறைந்திருந்தன. பிறகு அதைக் குழிக்குள் மெல்ல விட்டார்.

ஞானம்மா, அந்த ஈரத்தில் நிம்மதியாகத் தூங்குங்கள். கீழே இருக்கிற நாங்கள் எல்லோரும் உங்களுக்கு நன்றி சொல்லுகிறோம்.